கட்டாருக்கு வெளிக்கிட முன்னம்: வகுப்பா, போய்வந்த அண்ணையா?

வெளிக்கிட முன்னம் நடக்கும் பயிற்சி வகுப்பில் படிப்பதா, போய்வந்த ஒருவரிடம் கேட்டுப் படிப்பதா? கிளிநொச்சிப் பக்கம் வெளிநாடு போக நிற்கும் பெடியள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். நான் இரண்டிலும் படித்தேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவது எப்படியும் கட்டாயம், வகுப்பு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். ஆனால் அங்கே கைகொடுத்தது, கட்டாரில் கம்பி கட்டும் வேலை செய்து திரும்பிய பரந்தன் அண்ணை ஒருவரிடம் பின்னேரங்களில் போயிருந்து கேட்டதுதான்.

சட்டத்துக்கு வகுப்புத்தான். முதலாளியின் கடிதம் இல்லாமல் வேலை மாறவே ஏலாது என்று அண்ணை அடித்துச் சொன்னார், அந்தச் சட்டம் 2020இலேயே மாறிவிட்டது. அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால் என்று 2021 மார்ச்சில் வந்ததும் அவருக்குத் தெரியாது. நோன்பு காலத்தில் பகலில் வெளியிடத்தில் சாப்பிடக் குடிக்கக் கூடாது என்பதையெல்லாம் இரண்டு பேரும் சொல்வார்கள்.

வகுப்பில் அரபிகளின் பழக்கவழக்கம் சொல்லித் தந்தார்கள். ஆனால் விடிந்தால் பொழுதுபட்டால் நான் இருந்தது மலையாளி போர்மனோடும் நேபாள, வங்காளதேசப் பெடியளோடும். பெரியவர் சொன்னால் விளங்காவிட்டாலும் 'ஓம்' என்று தலையாட்டுவது எங்கள் ஊர் மரியாதை, அங்கே அப்படித் தலையாட்டினால் கட்டிய கம்பியை முழுக்கக் கழற்ற வேண்டி வரும். போர்மனுக்கு முன்னாலேயே அளவு ரேப்பைக் கம்பியில் வைத்து, 'இடைவெளி 150 மில்லிமீட்டர் தானே?' என்று கேட்டுவிட்டுத் தொடங்கு என்றார் அண்ணை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்த பிறகு யார் பதில் சொல்லுவார்கள்? வகுப்பு பிளேன் ஏறுவதோடு சரி. சிக்கல் வருவது ஒன்றிரண்டு மாதம் கழித்து. ரூமில் எல்லாருக்கும் ஒரே சட்டி, அதில் மாட்டிறைச்சி, நான் சாப்பிடாமல் படுத்த இரவில் அண்ணைக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். "முகத்தைச் சுழிக்காத தம்பி. தனிச் சட்டி ஒன்று வாங்கு, வெள்ளிக்கிழமை நீ கோழிக் கறி வைத்து அவங்களுக்கும் குடு" என்றார். அடுத்த கிழமையிலிருந்து அவர்களே என் சட்டியைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமாருக்கு இதை அப்படியே சொல்லமாட்டேன். அவர்கள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருப்பவர்கள், அங்கே வகுப்பில் படிக்கும் பாஷையும் பழக்கமும் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது கட்டிட வேலை மட்டும்.

ஆளைத் தேடும்போது அண்மையில் திரும்பியவராக, உங்கள் வேலையையே செய்தவராகப் பாருங்கள். அங்கே போனபிறகும் கோல் எடுத்தால் பேசுவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.