விருந்துக்குப் போன இரண்டு குடும்பங்கள்

முடிவைச் சொல்லாமல் டெனிஷ் 'ஸ்பீக் நோ ஈவில்' படத்தையும் அதன் ஹொலிவூட் ரீமேக்கையும் ஒப்பிட ஏலாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கோ.

இறைச்சி சாப்பிடாத பெண் அவள். முன்னமே சொல்லியும் இருக்கிறாள். வீட்டுக்காரனோ இறைச்சித் துண்டொன்றை அவளிடம் நீட்டுகிறான், ருசி பார்க்கட்டாம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சாப்பிடுகிறாள்.

2022இல் வந்த 'ஸ்பீக் நோ ஈவில்' படத்தில் என் வயிற்றைப் பிசைந்த முதல் இடம் இது. அதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே பிடித்தாலும் விரலிடுக்கால் இன்னோர் அகப்பை சோறு விழுகிற யாழ்ப்பாணத்து விருந்துகளில் வளர்ந்தவன் நான். "எங்கட வீட்டில கை நனைக்கமாட்டியளோ?" என்ற கேள்விக்குப் பயந்து எத்தனைதரம் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பேன்! அதனால்தானோ என்னவோ, பேய்ப்படங்களுக்கு அசையாத எனக்கு இது இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது. டெனிஷ் மொழியில் படத்தின் பெயரே 'விருந்தாளிகள்' தான். இயக்கியவர் கிறிஸ்டியன் தஃப்ட்ரப்.

டென்மார்க்கில் இருந்து ஒரு தாய், தகப்பன், சின்ன மகள். இத்தாலியில் விடுமுறையில் ஓர் ஒல்லாந்துக் குடும்பத்தோடு பழக்கமாகி, பிறகு அவர்கள் அழைத்ததும் புறப்பட்டுப் போகிறார்கள். அங்கே ஒவ்வொன்றாய்ப் பிழைக்கிறது. ஒவ்வொரு தரமும் இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இரண்டே வருடத்தில், 2024இல், ஹொலிவூட் இதை ஜேம்ஸ் வொட்கின்ஸின் இயக்கத்தில் திரும்ப எடுத்தது. விருந்தாளிகள் இலண்டனில் இருக்கும் அமெரிக்கர்கள். விருந்து வைப்பவர்கள் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தார். முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் அதே கதைதான். நேர்மையாய்ச் சொன்னால், அந்தப் பகுதி மூலத்துக்குப் பெரிதாய்க் குறைந்ததில்லை. வீட்டுக்காரனாக வரும் ஜேம்ஸ் மக்கவோய் சிரிக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி இருக்கப் பார்ப்பார். ஆனால் அங்கேதான் எனக்கு ஒரு குறையும். அவரைக் கண்ட உடனேயே "இவன் ஆள் சரியில்லை" என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மூலத்தில் ஃபெட்யா வான் ஹ்யூட் அப்படியில்லை. சந்தியில் நின்று சுகம் விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒரு முகம்.

இன்னொன்று மொழி. டெனிஷ் படத்தில் இரண்டு குடும்பமும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைக்கின்றன. இரு பக்கத்துக்கும் அது தாய்மொழியில்லை. வீட்டுக்காரர் இடைக்கிடை ஒல்லாந்து மொழியில் ஏதோ சொல்லிக்கொள்வார்கள், விருந்தாளிகளுக்கு விளங்காது. சுவிஸுக்கோ நோர்வேக்கோ புதிதாய்ப் போய் இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கோ, அந்த முழிப்பு என்னவென்று சொல்லுவினம். ரீமேக்கில் எல்லாருக்கும் ஒரே ஆங்கிலம். அந்தப் பயம் அப்படியே போயிற்று.

தப்பிப் போகும் வழியில், பிள்ளையின் பொம்மை முயலை விட்டுவிட்டு வந்ததற்காகக் காரைத் திருப்புகிற இடம் இரண்டிலும் உண்டு. இரண்டிலும் நான் திரையைப் பார்த்துத் திட்டினேன்.

அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. மூலத்தில் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தகப்பன் கேட்க, நீ விட்டாய், செய்தேன் என்று பதில் வருகிறது. தாயும் தகப்பனும் கல்லெறிந்து கொல்லப்படுகிறார்கள், ஓடக்கூட இல்லை. ரீமேக்கில் குடும்பம் எதிர்த்து நின்று அடிக்கிறது; வீட்டுக்காரன் வளர்த்த பொடியனே கடைசியில் கல்லெடுத்து அவன் முகத்தை உடைக்கிறான். கல் இரண்டிலும் இருக்கிறது, விழுகிற தலைதான் வேறு.

ஹொலிவூட் இப்படிச் செய்வது புதிதல்ல. ஜோர்ஜ் ஸ்லூய்ஸர் 1988இல் எடுத்த 'தி வனிஷிங்' என்ற ஒல்லாந்துப் படத்தில் காதலியைத் தேடிப் போனவன் உயிரோடு புதைக்கப்படுவான். 1993இல் அதே இயக்குநரே அமெரிக்காவில் திரும்ப எடுத்தபோது நாயகன் காப்பாற்றப்பட்டான். மைக்கேல் ஹனெக்கே மட்டும் வளையவில்லை. தன்னுடைய 1997ஆம் ஆண்டு 'ஃபன்னி கேம்ஸ்' படத்தை 2007இல் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு காட்சியாய் அப்படியே எடுத்தார், முடிவு உட்பட. அதைப் பார்த்தால், குற்றம் ரீமேக் என்பதில் இல்லை.

என் தெரிவு டெனிஷ் படம்தான். மனிசி ஒத்துக்கொள்ளவில்லை. "உது என்ன கோதாரிப் படம்? ஆளுக்கு ரெண்டு கை இருக்குத்தானே, திருப்பி ஒரு அடி அடிக்க ஏலாதோ?" என்றா. ரீமேக்கின் கடைசி இருபது நிமிடத்தைக் கதிரை நுனியில் இருந்து பார்த்தவ, முடிந்ததும் நிம்மதியாய்த் தேத்தண்ணி போடப் போனா. வீட்டில் நாலு பேரோடு பார்ப்பதென்றால் அதையே போடுங்கோ. மற்றதைத் தனியப் பாருங்கோ, ஆனால் விருந்துக்குப் போகிற கிழமையில் வேண்டாம்.