வடசேரியில் பேபி கேரியர் கிளிப் மாற்றியது

வெளிநாட்டில், பிள்ளையை நெஞ்சோடு கட்டித் தூக்கும் பேபி கேரியரின் கிளிப் உடைந்தால் போட்டோ எடுத்து கம்பெனிக்கு மெயில் போட்டு, பாகம் தபாலில் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். நாகர்கோவில் வடசேரி பக்கம் பை தைக்கிற ஒருவர் அதே வேலையைக் கண்முன்னே முடித்துத் தந்தார். கூலி 60 ரூபாய்.

உடைந்தது முதுகுப் பக்கக் குறுக்குப் பட்டையின் 25 மி.மீ. கிளிப். பிள்ளையின் எடை இதில் விழாது. இரண்டு தோள்பட்டையும் விலகாமல் இழுத்துப் பிடிப்பதுதான் இதன் வேலை. ஆனால் இது இல்லாமல் போட்டால், குனியும்போது ஒரு பட்டை தோளிலிருந்து சரிந்து பிள்ளை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

அவர் பட்டையை வெட்டவில்லை. பழைய தையலை மட்டும் பிளேடால் பிரித்தார். கிளிப்பின் இரு பாதியையும் சேர்த்தே மாற்றினார். பழசும் புதுசும் கலந்தால் பல் முழுதாகப் பூட்டாமல் போகலாம். தடித்த நைலான் நூலில் சதுரம் போட்டு, நடுவில் குறுக்காக இரண்டு ஓட்டம். பட்டை நுனியைத் தீயில் லேசாக வாட்டி, இரண்டாக மடித்துத் தைத்தார். அந்த மடிப்பு இல்லாவிட்டால் பட்டை மெல்ல உருவிக்கொண்டு வந்துவிடும்.

இடுப்பு பெல்ட் பக்கிளையும் மாற்றச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். "இது பிள்ளைக்க பாரம் தாங்குத இடம். ஸ்கூல் பேக் கிளிப்பு நிக்காது கேட்டியளா." நூற்றுக்கு நூறு சரி. எடையில் பெரும்பங்கு இடுப்பில்தான் இறங்குகிறது. அதற்குக் கம்பெனி பாகம் மட்டுமே ஆகும். தோள்பட்டை உடம்புத் துணியோடு சேரும் இடத்தில் தையல் விட்டிருந்தால் கேரியரையே ஒதுக்கிவிட வேண்டும்.

முட்டம், குளச்சல் கடற்கரைக்குப் போய்வந்தால் பக்கிளுக்குள் மணல் ஏறும். பல் பாதியில் நிற்கும், 'டக்' சத்தம் வராது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும்.

ஊரில் பொறுமையைச் சோதிப்பது துண்டுதான். காற்றுபடக் கூடாது, கண்பட்டுவிடும் என்று யாராவது பிள்ளையின் தலைக்குமேல் போர்த்திவிடுவார்கள். பாசம் புரிகிறது. ஆனால் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தலை கவிழ்ந்தால் மூச்சுக்குழல் மடங்கும். நாம் குனிந்தால் பிள்ளையின் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் கட்ட வேண்டும்; பிள்ளையின் முழங்கால் அதன் பிட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். குளிர்நாட்டில் வாங்கிய பஞ்சு வைத்த கேரியர் இந்தப் புழுக்கத்தில் ஒரு கம்பளிக்குச் சமம்; உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். பிடரி வேர்த்து நனைந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

மார்த்தாண்டம் கடைத்தெருவில் தள்ளுவண்டி உருளாது, கேரியர்தான் சரி. ஆனால் அதையே நம்பி பிள்ளையோடு பைக்கில் ஏறுகிறார்கள். பார்க்கவே பதறுகிறது. விழுந்தால் பெரியவரின் உடம்பே பிள்ளைமேல் வந்து நசுக்கும். 4 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், 9 மாதத்துக்கு மேல் ஹெல்மெட், வேகம் 40 கி.மீ.க்குள் என்று 2022இல் மத்திய அரசு விதி வெளியிட்டது. கேரியர் அந்த வார் ஆகாது. காரிலும் கார் சீட்டுக்குப் பதிலாக அது உதவாது.