ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: முதல் மவுண்டன் பைக்குக்கு எது சரி?

கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டுமே கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்: முன்னால் மட்டும் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க் இருக்கிற ஹார்ட்டெயில் ஒன்று, பின்னாலும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் கண் ஃபுல் சஸ்பென்ஷன் மேலேதான் போகும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுப் பாதையில் இப்போதுதான் ஓட்டத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஹார்ட்டெயில்தான் சரி.

காரணம் விலைதான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி இல்லை. பின் ஷாக், அதைத் தாங்கும் லிங்க்கேஜ் (பின் சக்கரத்தை பிரேமோடு இணைக்கும், மூட்டுகளில் அசையும் கம்பிகள்), மூட்டுக்கு மூட்டு பெயரிங் என எல்லாமே காசு. அதே விலைக்குள் இதையெல்லாம் நுழைக்க வேண்டுமென்றால் கம்பெனி வேறெங்காவது கை வைத்தாக வேண்டும், அது பெரும்பாலும் ஃபோர்க், பிரேக், சக்கரம் இவற்றில்தான் போய் விழும். ஓட்டும்போது பயத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த மூன்றும்தானே.

ஃபோர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு வண்டிகளில் வருவது காயில் ஸ்பிரிங் ஃபோர்க். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் அதே ஸ்பிரிங்தான், மேலே இருக்கும் திருகைச் சுற்றினால் பெரிய மாற்றம் எதுவும் வராது. ஏர் ஃபோர்க் என்றால் ஷாக் பம்ப்பை வைத்து உங்கள் எடைக்கு ஏற்ற காற்றை அடித்துக்கொள்ளலாம். அடித்ததும் ஃபோர்க் காலில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தைக் கீழே சீல் வரை (ஃபோர்க்கின் மேல் குழாய் உள்ளே நுழையும் இடத்து ரப்பர் அடைப்பு) தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறி, பெடல் மேல் நின்று, துள்ளாமல் இறங்கிப் பாருங்கள். 130 மில்லிமீட்டர் டிராவல் (முழுதாக அமுங்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கில் அந்த வளையம் 25 முதல் 33 மில்லிமீட்டர் வரை நகர்ந்திருந்தால் சரி. இந்த வேலையைச் செய்யவே முடியாத ஃபோர்க்கை வைத்துக்கொண்டு பின்னால் ஷாக் இருந்து என்ன பயன்?

ஏற்றத்தில் ஹார்ட்டெயில் நிம்மதி. ஒரே விலையில் சுமார் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவாக இருக்கும், மிதிக்கிற மிதி நேராகச் சக்கரத்துக்குப் போகும். மலிவு ஃபுல் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழும். ஆனால் வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் பின் சக்கரம் தரையை விடாமல் பிடிப்பது ஃபுல் சஸ்பென்ஷனில்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

இறக்கத்தில் பேச்சே இல்லை, ஃபுல் சஸ்பென்ஷன்தான். ஹார்ட்டெயிலில் முழங்காலை மடக்கி நின்றபடிதான் இறங்க வேண்டும், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும், தவறினால் பின் சக்கரம் அடிவாங்கி உங்களைத் தூக்கும். இதனால் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி தூரம்தான் உண்மை. உங்கள் பாதை முழுக்கவே முட்டுமுட்டாகக் கல் என்றால் அங்கே கற்றலைவிட உடம்பு இறுகிப்போவதுதான் நடக்கும், அப்படிப்பட்ட பாதைக்கும் இடுப்புவலி இருப்பவர்களுக்கும் நான் ஹார்ட்டெயிலைச் சொல்லமாட்டேன்.

பராமரிப்புக் கணக்கையும் போடுங்கள். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதிக்குப் பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயும் சீல் சுத்தமும் தேவை. ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்குக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு ஓடும், சேற்றில் ஓட்டினால் பெயரிங் செலவு வேறு.

எதை எடுத்தாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், இரண்டு சக்கரத்துக்கும் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகி இறுகும் தடித்த அச்சு), பெடல் பக்கம் ஒரே பல்சக்கரம். பிரேம் உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஹெட் ஆங்கிள், அதாவது முன் ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கும் கோணம், 65, 66 டிகிரி பக்கம் இருந்தால் செங்குத்து இறக்கத்தில் முன்சக்கரம் தள்ளி நிற்கும், தலைகுப்புற விழுகிற உணர்வு குறையும். 69, 70 டிகிரி பழைய வடிவம், அது பந்தய வேகத்துக்கானது. அப்புறம் டிராப்பர் போஸ்ட். ஒரு பொத்தானில் சீட் கீழே போய்விட்டால் உடம்பைப் பின்னால் கொண்டுபோக இடம் கிடைக்கும், தொடக்கக்காரருக்கு இது பின் ஷாக்கைவிடப் பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம். சக்கரம் 29 அங்குலமா 27.5 அங்குலமா என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம், உயரம் குறைவாக இல்லையென்றால் 29 எடுங்கள்.

ஹார்ட்டெயில் எடுப்பவர்கள் 2.4 அங்குல அகல டயரை ட்யூப்லெஸாக மாற்றிவிடுங்கள். 70 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். சின்னச்சின்ன அதிர்வில் நிறையவே அந்த டயரே விழுங்கிவிடும்.

ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேண்டும், பணம் போதவில்லை என்றால் மலிவாகப் புதிதை வாங்குவதைவிட மூன்று நான்கு வருடம் ஓடிய நல்லதைத் தேடுங்கள். சீட்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பெயரிங்கோ, ஷாக் புஷ்ஷோ (ஷாக்கை பிரேமில் மாட்டும் இடத்து வளையம்) தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.