கேட்லாக்கா, டெமோவா: புதிதாகச் சேர்ந்தவர் கையில் எதைக் கொடுப்பது?

போன தை மாதம் என் நேரடி விற்பனைக் குழுவில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருவர் கோட்டையூர், இன்னொருவர் புதுவயல். இருவரும் முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: "அக்கா, பத்துப் பேரைக் கூட்டி வச்சுப் பேச எனக்கு வராது. கேட்லாக் புக்கைக் கொடுங்க, வீட்டுல காட்டி ஆர்டர் எடுத்துக்கிறேன்."

நான் ஆட்களைக் கூட்டிப் பொருளைச் செய்து காட்டும் டெமோ போட்டே வளர்ந்தவள். காரைக்குடியில் ஒன்பது வருடமாக, கடை இல்லாமல் கம்பெனிப் பொருளை நேரில் விற்கும் நேரடி விற்பனையில் இருக்கிறேன். முன்பெல்லாம் "பேசப் பேசப் பழகிடும்" என்று சொல்லி டெமோ சாமானைக் கையில் திணித்துவிடுவேன். அப்படித் திணித்ததில் மூன்று பேர் இரண்டாம் மாதமே நின்றுபோனார்கள். அதனால் இந்த முறை அவர்கள் கேட்டதையே கொடுத்துப் பார்த்தேன். இப்போது, கூச்சம் உள்ள புது ஆளுக்குக் கேட்லாக்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட்டால் அதுவும் நடக்காது.

டெமோவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொருளைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சந்தேகம் அங்கேயே தீர்கிறது, ஒரே மாலையில் ஐந்தாறு ஆர்டர் வரும். ஆனால் புது ஆள் முதலில் சாம்பிள் பொருளைக் காசு போட்டு வாங்க வேண்டும். என் முதல் டெமோவுக்கு ஆறாயிரம் ரூபாய் முடங்கியது. அதை எடுக்க நாலு மாதம் ஆனது. கூட்டத்துக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். முகத்துக்காக ஒன்று வாங்குவார்கள், அடுத்த மாதம் நம் போனை எடுக்கத் தயங்குவார்கள். கூச்ச சுபாவம் உள்ள பெண்ணுக்கு அந்தத் தயக்கம் ரொம்ப வலிக்கும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு தீபாவளி சமயத்தில் மட்டும் செய்து பார்த்தேன். விலை கேட்டவர்கள் நிறைய, வாங்கியவர்கள் கொஞ்சம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, கம்பெனி அனுமதிக்காத விளம்பரத் தாளையோ, கம்பெனி சொல்லாத பலனையோ நாம் வாடிக்கையாளரிடம் கொண்டுபோகக் கூடாது. நாமே போஸ்டர் செய்து "பத்து நாளில் முகம் பளிச்" என்று எழுதிப் போடுவது வம்பு. கம்பெனியே அச்சடித்த கேட்லாக்கில் இந்தப் பயம் இல்லை. விலையும் அதிலேயே இருப்பதால், பேரம் பேசத் தெரியாதவருக்கும் அது துணை.

சரி, கேட்லாக்குக்கு வருகிறேன். எல்லாம் அடங்கியிருப்பது ஒரே இடத்தில்தான்: கொடுத்த புத்தகத்தைத் திரும்ப எடுக்கப் போகும் நாள்.

கோட்டையூர்ப் பெண் ஆர்வத்தில் இருபது புத்தகத்தை ஒரே நாளில் கொடுத்துவிட்டு வந்தார். "பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது பதினொரு புத்தகம்தான் திரும்பியது, ஆர்டர் மூன்று. ஒரு வீட்டில் பேரப்பிள்ளை படத்தையெல்லாம் வெட்டிப் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டியிருந்தான். இன்னொரு வீட்டில் வெளித் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்க வருகிறவர்தான் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பாதி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறக்கின்றன. யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

புதுவயல் பெண்ணிடம் நான் முறையை மாற்றினேன். ஐந்தே புத்தகம். திங்கட்கிழமை ஐந்து வீட்டில் கொடுக்க வேண்டும், கையில் கொடுக்கும்போதே "வியாழக்கிழமை நாலு மணிக்கு வரட்டுமா ஆச்சி?" என்று கேட்டு, அவர் சரி என்ற நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வியாழன் எடுத்த அதே ஐந்தை அன்றைக்கே வேறு ஐந்து வீட்டில் கொடுத்து, ஞாயிறு எடுக்க வேண்டும். வாரம் பத்து வீடு, மாதம் நாற்பது வீடு. புத்தகச் செலவு ஐந்துக்குத்தான்.

ஏன் மூன்று நாள்? மறுநாளே போனால் மருமகளிடம்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு வாரம் விட்டால் புத்தகம் பழைய பேப்பர்க் கட்டுக்குள் போய்விடும். வியாழன் என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை எடுக்கப் போனால் ஆர்டர் சொல்வார்கள், முன்பணம் தர மாட்டார்கள். வெள்ளியும் செவ்வாயும் வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது என்று பார்க்கிற வீடுகள் இங்கே அதிகம். முன்பணம் வாங்காத ஆர்டர் பாதி நழுவிவிடும், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேரம் கேட்டுக்கொண்டு போவது மரியாதைக்காக மட்டும் இல்லை. அதே 2021 விதிகள், அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிக் கேட்காமலும் ஒருவர் வீட்டுக்கு விற்கப் போகக் கூடாது என்கின்றன. அதனால் முதலில் போனில் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தோடு போகச் சொல்கிறேன். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் புதுப் பெண்ணுக்கே ஒரு தைரியம் வருகிறது.

குழுவில் மேலே இருக்கும் நாம் புது ஆளுக்குத் துணையாகப் போக வேண்டியதும் இந்தப் புத்தகம் எடுக்கும் நாளில்தான். நான் பல வருடம் தப்பாகச் செய்தேன், புத்தகம் கொடுக்கப் போகும்போது கூடப் போவேன். கொடுப்பதற்கு ஒரு பேச்சும் வேண்டாம், யாராலும் முடியும். எடுக்கும்போதுதான் "இது எண்ணெய்ச் சருமத்துக்கு ஆகுமா", "மூடி தனியாக் கிடைக்குமா", "பிடிக்கலேன்னா திருப்பி எடுப்பீங்களா" என்று கேள்வி வரும். முதல் மூன்று வியாழனும் நான் புதுவயல் பெண்ணோடு கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், பேசாமல். அவர் திணறினால் மட்டும் ஒரு வார்த்தை. நாலாவது வாரம் அவரே வர வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொன்றும் பழக்கினேன். புத்தகத்தைத் திரும்ப வாங்கியதும் பையில் போடக் கூடாது. மடித்த மூலை, எண்ணெய்க் கை பட்ட பக்கம், பேனாவால் போட்ட புள்ளி, எல்லாம் அந்த வீட்டின் ஆசை. "இந்தப் பக்கத்தை யார் பார்த்தாங்க?" என்று கேட்டால் போதும். கண்டனூரில் ஒரே வளவில் மூன்று புள்ளி, அதாவது மூன்று குடும்பம், இருக்கும் ஒரு வீட்டில், ஒரே புத்தகத்தில் மூன்று குடும்பமும் மூன்று பேனாவில் குறித்து வைத்திருந்தார்கள். டெமோவில் மாமியார் எதிரில் லிப்ஸ்டிக் கேட்காத மருமகள், புத்தகத்தில் சத்தமில்லாமல் டிக் போட்டிருந்தாள்.

கேட்லாக் தோற்கும் இடமும் உண்டு. சமையல் பாத்திரம், தண்ணீர் ஃபில்டர், தரை துடைக்கும் திரவம் இதெல்லாம் படம் பார்த்து நகராது, செய்து காட்டியே ஆக வேண்டும். தரைத் திரவம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, அமிலம் பட்டால் மெருகு போய்விடும். லேபிளைப் படிக்காமல் ஒரு ஆச்சி வீட்டு முகப்பில் ஊற்றிக் காட்டாதீர்கள், எண்பது வருடத் தரை அது. இந்த மாதிரிப் பொருளுக்கு மட்டும் புதுப் பெண்கள் ஆர்டரைக் கேட்டு வைக்கிறார்கள், நான் போய் டெமோ போடுகிறேன்.

ஆண்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. குழுவில் ஒரே ஒரு தம்பிதான் கேட்லாக்கில் விற்கிறார். அவர் வீடுகளுக்குப் போவதில்லை. மேலாளரிடம் கேட்டுவிட்டு, புதுவயல் பக்கம் இரண்டு ரைஸ் மில் ஆபீசில் புத்தகம் வைக்கிறார். அங்கே சனிக்கிழமை சம்பளம் என்பதால் எடுக்கப் போகும் நாளைச் சனி மாலைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு மாதம்தான் ஆகிறது; ஷேவிங் க்ரீமும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் போகின்றன, வேறு எதுவும் இன்னும் நகரவில்லை.