பைக்குக் காசா, கையோடு பையா? காரைக்குடிக் கல்லாவில் நின்று ஒரு கணக்கு

"அக்கா, பை வேணுமா? 12 ரூபா."

காரைக்குடியில் மாதச் சாமான் வாங்கப் போகிறவர்கள் கல்லா அருகே கேட்கும் கேள்வி இது. சாமானுக்கெல்லாம் பில் போட்டு முடித்து, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போதுதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணெய் பாக்கெட்டையும் துவரம்பருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு போக முடியுமா? தலையாட்டி விடுகிறோம். இப்படித் தலையாட்டி வாங்கிய பைகள் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பாதிக்குக் காது அறுந்துவிட்டது. சிலவற்றைத் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. அவற்றை வெளியே எடுத்துப் போட்ட அன்று, எந்தப் பை உண்மையில் தேவலை, பைக்குக் காசு வாங்குவதால் குப்பை குறைகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன்.

கடையில் விற்கும் அந்த 12 ரூபாய்ப் பையிலிருந்தே தொடங்குகிறேன். நம்மில் பலர் அதைத் துணிப்பை என்றே நினைக்கிறோம். தொட்டால் துணி மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி அச்சு தெரியும். அதற்கு நான்-ஓவன் பை என்று பெயர். நூல் நூற்று நெய்தது இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கிச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கத்தரித்து, முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக் எத்தனை மைக்ரான் தடிமனாக இருந்தாலும் கூடாது. நான்-ஓவன் பையும் அதே பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் விதி இதைவிடத் தளர்வானது: 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக்கும், 60 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடைக்கு) குறைந்த நான்-ஓவன் பையும்தான் கூடாது என்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் மாநிலத் தடைதான் கணக்கு. நான் சாமான் வாங்கும் கடையில் ஓசியாகக் கொடுத்த மெல்லிய பையை நிறுத்திவிட்டு, தடைப் பட்டியலில் உள்ள இன்னொரு பிளாஸ்டிக்கைக் காசுக்கு விற்கிறார்கள். குப்பை நின்ற இடத்திலேயே நிற்கிறது, கனம் மட்டும் கூடிவிட்டது. எனக்கு இதில்தான் கோபம்.

கலிபோர்னியாவிலும் இதுதான் நடந்தது. மெல்லிய பைக்குத் தடை போட்டுவிட்டு, 'பலமுறை பயன்படுத்தலாம்' என்ற பெயரில் தடிமனான பிளாஸ்டிக் பையை 10 சென்ட்டுக்கு விற்கலாம் என்று விட்டார்கள். மக்கள் அதையும் ஒரு தடவை தூக்கிவிட்டுத்தான் எறிந்தார்கள். கடைசியில் 2024 இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, 2026 ஜனவரியிலிருந்து அந்தத் தடிப்பையும் கூடாது என்று மூடவேண்டி வந்தது.

காகிதப் பையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்கும் ஜவுளிக்கும் சரி. தயிர் பாக்கெட் வேர்த்தால் அடி விட்டுவிடும், வீடு வரைக்கும் தாங்காது. மக்கும் பை என்று பச்சை எழுத்தில் வருவதற்கு மாநிலத் தடையில் விலக்கு இருக்கிறது, 'கம்போஸ்டபிள்' முத்திரையும் தரச்சான்றும் இருந்தால். ஆனால் அது மக்குவதற்கு ஏறத்தாழ 60 டிகிரி சூடு நிலைத்திருக்கும் உரக்கிடங்கு வேண்டும். ஊருணிக் கரையில் கிடந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

மஞ்சப்பை

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். நம் எல்லோருக்கும் பிடித்த பதில் மஞ்சப்பைதான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வைத்தார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் கணக்கு என்று வந்தால் துணிப்பைக்கும் ஒரு விலை இருக்கிறது.

2011 இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை பைகளை எல்லாம் வரிசையாக வைத்து ஓர் ஆய்வு செய்தது. பருத்தி விளைவிப்பது, நூற்பது, நெய்வது, ஏற்றி இறக்குவது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 8 கிராம் எடையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரு தடவை பயன்படுத்தியதற்கு ஈடாக, ஒரு பருத்திப் பையை 131 தடவை தூக்கவேண்டும் என்று வந்தது. புவி வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்த கணக்கு இது. அந்த மெல்லிய பையை வீட்டில் குப்பைத் தொட்டிக்குள் விரித்தும் பயன்படுத்திவிட்டால் எண்ணிக்கை 327 ஆகிறது. அதே ஆய்வில் காகிதப் பைக்கு 3, நான்-ஓவன் பைக்கு 11.

வாரம் இரண்டு தடவை கடைக்குப் போகிறோம் என்று வையுங்கள். 131 தடவைக்கு ஒன்றேகால் வருடம் ஆகும். 327 என்றால் மூன்று வருடத்துக்கு மேல். நல்ல மஞ்சப்பை அவ்வளவு நாள் உழைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் அப்பத்தாவின் பை அதற்கு மேலும் உழைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மறந்துவிட்டு வந்து 10 ரூபாய்க்குப் புதுப் பை வாங்கினால், அந்த மஞ்சப்பை பிளாஸ்டிக்கைவிட மோசமான தேர்வாகிவிடும்.

அந்த ஆய்வு பார்க்காத ஒன்றும் இருக்கிறது. கடையைத் தாண்டிய பை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வெப்பக் கணக்கு சொல்லாது. நம் பக்கம் மழை குறைவு. அதனால்தான் முன்னோர் முற்றத்துத் தண்ணீரைக்கூட விடாமல் சேர்த்தார்கள், தெருத் தண்ணீரை வரத்துக்காலில் இறக்கி ஊருணியில் நிறுத்தினார்கள். அந்த வரத்துக்காலில் நாலு கேரி பேக் சிக்கினால் போதும், பின்னால் வரும் சருகும் மண்ணும் அதிலேயே அடைத்துக்கொள்ளும். பெய்கிற பத்து மழையில் இரண்டு மழையின் தண்ணீர் ஊருணிக்கு வராமல் போனால் அதை யார் கணக்கில் எழுதுவது? மாடு தின்ற பையும் அப்படித்தான். அதனால் 131 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, 'அப்ப பிளாஸ்டிக்கே தேவலை' என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. அந்த எண்ணை 'புதுசாக வாங்காதே' என்ற எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

புதுசாக வாங்கத் தேவையும் இல்லை. செட்டிநாட்டில் கல்யாணமோ அறுபது, எண்பதாம் வயதுச் சாந்தியோ புதுமனை புகுவிழாவோ, எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் தாம்பூலப் பையோடுதான் திரும்புகிறோம். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் பதினாலு தொங்குகின்றன. தைத்து முடித்து வந்துவிட்ட பை அது. நாம் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அதற்கான பருத்தியும் மின்சாரமும் செலவாகிவிட்டது. இனிமேல் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் மிச்சம்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: விசேஷம் வைக்கிறவர்கள் பை அடிக்கக் கொடுக்கும்போது பருத்தித் துணிதானா என்று பார்த்துக் கொடுங்கள். இப்போது தாம்பூலப் பையிலும் நான்-ஓவன் நுழைந்துவிட்டது.

ஒயர் கூடை, கொட்டான்

அம்மா இன்றைக்கும் கடைக்கு ஒயர் கூடைதான் எடுத்துப்போகிறார். பின்னுகிற ஒயர் பிளாஸ்டிக்தான். ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதற்கு நான் முதல் இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுப்பேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு ஆச்சி பின்னிக் கொடுத்த கூடை அது. இன்றைக்கு என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். பிடியில் ஒரு தடவை துணி சுற்றியதோடு சரி. அடி தட்டையாக இருப்பதால் எண்ணெய்ப் பாட்டில் சாயாது, தக்காளி நசுங்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. எந்தப் பொருளால் செய்தது என்பதைவிட எத்தனை தடவை கடைக்கு வந்துபோனது என்பதுதான் பெரிது என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் கூடைதான். அதில் உள்ள குறை ஒன்றே ஒன்று. மடித்துக் கைப்பையில் வைக்க முடியாது. வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் கடைக்குள் நுழைகிறவர்களுக்கு அது ஆகாது.

கொட்டானைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பனையோலையில் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது சீர் வைக்கவும், பலகாரம் கொடுக்கவும், தாம்பூலம் வைக்கவும் பிறந்தது. ஐந்து கிலோ அரிசியைத் தூக்க அதைக் கேட்பது பின்னியவர்களின் கைவேலைக்கு நியாயமில்லை. விசேஷத்தில் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் கொட்டான் கொடுக்கலாம், அது அழகாகவும் இருக்கும்.

காசு வாங்கினால் குறையுமா?

குறையும். இதை நான் தயங்காமல் சொல்வேன். அயர்லாந்தில் 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். ஆளுக்கு வருடம் 328 பை என்று இருந்தது 21 ஆக இறங்கியது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் 5 பென்ஸ் வைத்தார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த மெல்லிய பை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

சில கடைகளில் இதைத் திருப்பிச் செய்வார்கள்: சொந்தப் பை கொண்டுவந்தால் பில்லில் சின்னத் தள்ளுபடி. கேட்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய கடைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 5 சென்ட் வாங்கிய கடைகளில் பை பெருமளவு குறைந்தது. அதே 5 சென்ட்டைத் தள்ளுபடியாகக் கொடுத்த கடைகளில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. கையைவிட்டுப் போகும் ஒரு ரூபாய் உறுத்துகிற மாதிரி, கைக்கு வரும் ஒரு ரூபாய் இழுப்பதில்லை.

அப்படியென்றால் நம் 12 ரூபாய் ஏன் உறுத்தவில்லை? என் வீட்டு அடுக்கை வைத்துச் சொல்கிறேன். அந்த நாடுகளில் காசு கொடுத்தால் கிடைத்தது மெல்லிய பைதான், யாருக்கும் அதன்மேல் ஆசையில்லை. நமக்கு 12 ரூபாய்க்குக் கிடைப்பது பார்க்க நன்றாக, கனமாக இருக்கிறது. 'சரி, ஒரு பையாவது வந்ததே' என்று மனசு ஆறிவிடுகிறது. இரண்டாயிரம் ரூபாய் பில்லில் 12 கண்ணிலேயே படுவதில்லை. அதுவும் கடைசி நிமிடத்தில் சொன்னால் மறந்த பையை எடுக்க வீட்டுக்கா ஓட முடியும்? இது நமக்கு எரிச்சல் தருவதோடு நிற்கும் விஷயமில்லை. பைக்குக் காசு உண்டு, அளவும் விலையும் இன்னது என்பது சாமான் எடுக்கும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும், கல்லாவில் வைத்துத் திணிக்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கடை வாசலில், செருப்புக் கழற்றும் இடத்தில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கட்டும். வண்டிப் பெட்டியில் பை வைத்திருப்பவர் அங்கேயே திரும்பிப் போய் எடுத்துவந்துவிடுவார்.

இன்னொன்று, பையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது தப்பிவிடுகிறது. போன மாதச் சாமானை இறக்கி வைத்து எண்ணினேன். தூக்கி வந்தது 2 பை. அதற்குள் பிளாஸ்டிக் பாக்கெட் 43. பருப்பு, சீரகம், மிளகு, பிஸ்கெட், சோப்புத் தூள் எல்லாம். மளிகைக் கடையில் காகிதத்தில் மடித்துச் சணல் கட்டிக் கொடுத்த அதே கால் கிலோ கடலைப்பருப்பு இப்போது உறைக்குள் இருக்கிறது. இதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மரச்செக்கு எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுபோனால் ஊற்றிக் கொடுக்கிறார்கள். தேன்குழலும் சீடையும் போடும் பலகாரக் கடைகளில் சம்படத்தை நீட்டினால், வெறும் சம்படத்தை முதலில் நிறுத்து எடையைக் கழித்துக்கொண்டு போட்டுத் தருகிறார்கள். நான் கேட்ட எந்தக் கடையிலும் முகம் சுளிக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வரிசையிலாவது பருப்பும் அரிசியும் கொட்டி வைத்து அள்ளித் தந்தால் 43 இல் பாதி போய்விடும். கேரி பேக் போனதும் குப்பைத் தொட்டிக்கென்று கறுப்பு உறை வாங்க ஆரம்பிப்பதையும் நிறுத்தவேண்டும். கலிபோர்னியாவில் பைத் தடையால் குறைந்த பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் அளவுக்கு இந்த உறையாகத் திரும்பி வந்துவிட்டதாக ஓர் ஆய்வு கண்டது. காய்கறிக் குப்பைக்கு ஒரு வாளி போதும், கழுவிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பார்த்தபின் எனக்குப் பிடித்த வழி, பைக்குக் காசு வாங்குவது, தள்ளுபடி கொடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பையை விற்காதீர்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுங்கள். கோலி சோடாக் கடையில் பாட்டிலை வைத்துவிட்டுத்தானே வந்தோம்? நீலகிரியில் 2022 இல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது போனது. பாட்டிலுக்கு முடிந்தது பைக்கு முடியாதா? கெட்டியான பருத்திப் பை, 30 ரூபாய் முன்பணம். மறந்தவர் அதை எடுத்துப்போகட்டும், அடுத்த தடவை கொடுத்துவிட்டு 30 ரூபாயை வாங்கிக்கொள்ளட்டும். கொண்டுவராவிட்டால் அவருக்கு ஒரு நல்ல பை மிச்சம், கடைக்கும் நஷ்டமில்லை.

இதை நான் போகும் கடையின் மேலாளரிடம் சொன்னேன். நின்று பொறுமையாகக் கேட்டார். "திரும்பி வர்ற பையை யாருக்கா துவைக்கிறது? மீன் வாங்குன பைய நீட்டுனா நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. மீனுக்கும் கறிக்கும் இந்தப் பை இல்லை, பாத்திரம்தான் என்று எழுதிப் போடலாம் என்றேன். துவைப்பதற்கும் காது அறுந்தால் தைப்பதற்கும் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவிடம் கேட்டேன். மொத்தமாகக் கொடுத்தால் பைக்கு 3 ரூபாய் என்று சொன்னார். அவருடைய போன் நம்பரை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முதலில் ஐம்பது பை வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.