"காப்பிரைட் முடிந்த படம்" என்று சான்றிதழ் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களை யூடியூபில் ஏற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

சென்னையில் ஓர் இடைத்தரகர், காப்பிரைட் காலாவதியான படங்கள் என்று பட்டியல் வைத்து விற்கிறார். ஹார்ட் டிஸ்கில் படம், கூடவே ஒரு சான்றிதழ். டெல்லி காப்பிரைட் அலுவலகத்தில் தேடியதில் படத்தின் பெயரில் பதிவு இல்லை, எனவே யாருக்கும் உரிமை இல்லை என்று அதில் இருக்கும். அவரிடம் 1964-ல் வெளியான ஒரு படத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஏற்றியதுமே பாடல்களுக்கு கிளெய்ம் (உரிமை கோரல்) வந்தது. அப்புறம் வெளிநாட்டு உரிமை தன்னிடம் இருப்பதாக ஒருவர் ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறல் புகார்) கொடுத்தார். தரகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் நான் பொறுப்பு என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்கிறார்.

அந்தச் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கிடையாது. இந்தியாவில் காப்பிரைட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு இல்லாத படத்துக்கும் முழு உரிமை உண்டு. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான அந்த நாட்டுப் படங்களில், 28-ஆவது ஆண்டில் பதிவைப் புதுப்பிக்காதவற்றுக்கு உரிமை போய்விட்டது. அங்கே பதிவேட்டைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் ஊர்ப் படத்துக்கு அந்த வழியைக் காட்டிக் காசு வாங்குவது பச்சை ஏமாற்று.

இங்கே வெளியான ஆண்டுதான் கணக்கு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, படம் வெளியானதற்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள். 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தது. 2024 பொங்கலோடு உரிமை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது 2024 டிசம்பர் 31 வரை நீடித்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1958 ஜனவரிக்கு முந்தைய படங்களுக்கு விதிகள் இன்னும் சிக்கலானவை, வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

இதுவும் படத்துக்கு மட்டும்தான். பாடல் வரிக்கும் இசைக்கும், எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். அதே 'கர்ணன்' பாடல்களை எழுதிய கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவருடையது என்பதால் கடைசியாக மறைந்தவரை வைத்து எண்ண வேண்டும். எம்.எஸ்.வி. 2015-ல் மறைந்தார், ஆக 2075 வரை. நம் படங்களில் பாட்டை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? தரகருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

யூடியூபை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். 1964-ல் வந்த இந்தியப் படத்துக்கு அமெரிக்காவில் பொதுவாக 95 ஆண்டுக் கணக்கு, 2059 முடியும்வரை.

உரிமை தன்னிடம் இருப்பதாகவே சொல்லி விற்பவரிடம், தயாரிப்பாளரிலிருந்து அவர் வரை கைமாறிய ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். நெகடிவ் கையில் இருக்கிறது, லேப் லெட்டர் (பிலிம் லேப் தரும் கடிதம்) இருக்கிறது என்பதெல்லாம் போதாது. 1994 திருத்தம் 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின் போட்ட ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்.

நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். இதே சான்றிதழை வாங்கியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் தெரிவியுங்கள்.