இரவில் மணிக்கட்டுப் பட்டை: பலன் தருவதும் தராமல் போவதும்

காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைத் தையல்காரர்களுக்கும் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் தொல்லை புதிதல்ல. நடுராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலை. சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் கோளாறு முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம், பட்டை வாங்கும் முன் காட்டிவிடுங்கள்.

தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போதுதான் அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நசுங்குகிறது. அதனால் மணிக்கட்டை மடங்கவிடாமல் பிடிக்கும் பட்டையை இரவில் போடுவதே முக்கியம். போட்டும் பலனில்லை என்பவர்கள் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை உருவிப் பாருங்கள். பல பட்டைகளில் அது 20, 30 டிகிரி மேல்நோக்கி வளைந்தே வரும். அந்த வளைவும் அழுத்தத்தைக் கூட்டும். மேசை விளிம்பில் வைத்து நேராக்கிச் செருகுங்கள். மணிக்கட்டு மேலேயும் கீழேயும் சாயக்கூடாது. பட்டையின் மேல்விளிம்பு விரல்களை ஒட்டிய உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே நிற்கவேண்டும். தாண்டினால் விரல் மடங்காது. இறுக்கம் ஒரு விரல் நுழையுமளவு. தகடில்லாத எலாஸ்டிக் உறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பலர் நிறுத்துவது வேர்க்குருவால். பழைய பனியன் துணியில் உறைபோலத் தைத்து உள்ளே போட்டால் போதும், தினம் மாற்றிக்கொள்ளலாம். துவைக்கும்போது தகட்டை எடுத்துவிட்டு வெல்க்ரோவை ஒட்டிவையுங்கள். நூல் சிக்கிப் பிடிப்பு போனால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கலாம்.

குறைந்தது 6 வாரம் விடாமல் போடவேண்டும். நாலு நாளில் கழற்றி எறிந்தால் எதுவும் தெரியாது. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. சில வாரங்களில் நல்ல நிவாரணம், ஆனால் பலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும், பரிசோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். சர்க்கரையும் தைராய்டும் கட்டுக்குள் இல்லாமல் பட்டையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வலி மாத்திரையால் இந்த மரப்பு போகாது. நரம்புக்கென்று வைட்டமின் பி6 அதிகமாகத் தின்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கட்டைவிரலின் அடிமேடு வற்றிப் பள்ளமாகத் தெரிந்தாலோ, சட்டைப் பித்தானைப் பிடிக்க முடியாமல் நழுவினாலோ பட்டையோடு காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. வற்றிப்போன தசை மீள்வது கடினம், உடனே போய்க் காட்டுங்கள்.